பிசிஷியன் அசிஸ்டன்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிசிஷியன் அசிஸ்டன்ட் என்பவர் மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர்; அவர் மருத்துவர் அல்லர். 'பிசிஷியன்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். இயற்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். 'அசிஸ்ட்' என்பதற்கு லத்தீனில் 'அருகில் நிற்றல்' என்று பொருள். மருத்துவர் பற்றாக்குறை நிலவிய 1965-இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி பார்த்த நான்கு பேருடன் இப்பணிக்கான படிப்பைத் தொடங்கினார். 1967-இல் மூவர் தேறி வெளிவந்தனர். இந்தியாவில் 1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் இதைத் தொடங்கிவைத்தார்.

அமெரிக்காவில் இது பெரும்பாலும் 27 மாத முதுநிலைப் படிப்பு. வகுப்பறைப் பாடம் முடிந்ததும் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகளிர் நலம், மனநலம், அவசரப் பிரிவு என வரிசையாகப் பயிற்சி. நம்மூர் மாணவர்கள் 'போஸ்டிங்' என்பது இதைத்தான். பிறகு 300 கேள்விகள் கொண்ட தேசியத் தேர்வு, அதன்பின் மாநில உரிமம்.

இவர்களின் பொறுப்பு எத்தகையது என்பது பைபாஸ் அறுவை சிகிச்சையில் நன்றாகத் தெரியும். அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுப் பாதையாகப் பொருத்துவதற்கு, மருத்துவர் நெஞ்சைத் திறக்கும்போது காலிலிருந்து சிரையை எடுப்பவர் பல இடங்களில் இவரே. சிரையிலிருந்து பிரியும் கிளைகளை அதற்கு மிக நெருக்கமாகக் கட்டினால் அந்த இடம் சுருங்கிவிடும். ஒரு கிளை கட்டாமல் விடுபட்டால், தமனியின் அழுத்தம் ஏறியதும் இரத்தம் பீறிடும். கசிவு பார்க்க சிரிஞ்சால் பலமாக அழுத்தினால் உட்படலம் கிழியும்; பின்னாளில் அங்கேதான் அடைப்பு வரும். சிரையின் வால்வுகள் ஒரு திசையில் மட்டுமே திறப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பி, கணுக்கால் பக்க முனையை மகாதமனியில் தைக்க வேண்டும். முனைக்கு அடையாளம் இடாமல் கொடுப்பது பெரும் பிழை.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் தவறுகள் பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பும்போது எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நேர்கின்றன. வீட்டில் சாப்பிட்ட மாத்திரைகள், வார்டு மருந்துகள், வீட்டுக்கு எழுதித் தரும் மருந்துகள் ஆகிய மூன்று பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் அறுவைக்காக நிறுத்திய இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை மறுபடி தொடங்காமலே போகும். அல்லது ஒரே மருந்தை இரண்டு வணிகப் பெயர்களில் நோயாளி இரட்டிப்பாகச் சாப்பிடுவார்.

'மருத்துவ உதவியாளர்' என்று எழுதுவது பொருந்தாது. இரத்த அழுத்தம் பார்த்து, நோயாளியை அறைக்கு அழைத்துச் செல்லும் 'மெடிக்கல் அசிஸ்டன்ட்' வேறு பணி. 'துணை மருத்துவம்' என்ற பெயரோ பாராமெடிக்கல் படிப்புகள் அனைத்துக்கும் வழங்குகிறது. 'மருத்துவரின் உதவியாளர்' என்றால் ஒரு மருத்துவரின் சொந்த எடுபிடி போலத் தொனிக்கும். ஆங்கிலத்திலும் அந்த வேற்றுமை உருபு சேர்ப்பதை இத்தொழிலினர் ஏற்பதில்லை. ஆகவே உருபில்லாத 'மருத்துவர் உதவியாளர்' என்பதே சரி.

2021-இல் இத்தொழிலினரின் அமெரிக்கச் சங்கம் 'பிசிஷியன் அசோசியேட்' என்று பெயரை மாற்றியது. அதை 'இணை மருத்துவர்' என்று பெயர்த்தால் நோயாளி அவரை மருத்துவராகவே எடுத்துக்கொள்வார். இந்தக் குழப்பத்தால்தான் பிரிட்டனில் 2025-இல் வெளியான ஆய்வறிக்கை 'அசிஸ்டன்ட்' என்ற பெயருக்கே திரும்பச் சொன்னது.

பி.ஏ. என்ற சுருக்கத்தைத் தமிழில் தவிர்ப்பது நல்லது. படிப்பவர் அதை இளங்கலைப் பட்டமாகவோ நேர்முக உதவியாளராகவோதான் எடுத்துக்கொள்வார்.