அடங்கிப்போன பல்லைத்தான் முதலில் காட்டுங்கள்

போன மாதம் வந்த ஒரு அம்மாவுக்கு மேல் ஈறில் மிளகளவு கொப்புளம். "ஆறு மாசமா இருக்கு டாக்டர், அப்பப்போ உடையும், வலியே இல்லை" என்றார். வலி இருந்தபோது மூன்று முறை தானாகவே ஆண்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று முறையும் "சரியாகிவிட்டது". அந்த மாதத்தில் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் அவர். பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

இரவெல்லாம் தூங்கவிடாமல் துடித்த பல் சிகிச்சை எதுவும் இல்லாமல் திடீரென்று அடங்கிவிட்டால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பற்கூழ், அதாவது நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான திசு, செத்துவிட்டது என்று அர்த்தம். வலியைச் சொல்ல அங்கே உயிருள்ள நரம்பு இல்லை, அவ்வளவுதான். கிருமிகள் இருக்கின்றன. வேர் நுனியைத் தாண்டி எலும்பை அரிக்கத் தொடங்கியிருக்கும்.

மாத்திரை ஏன் போதாது என்று தினமும் சொல்கிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். விழுங்கிய மருந்து ரத்தம் ஓடும் இடத்துக்குத்தான் போகும். செத்த பற்கூழில் ரத்த ஓட்டம் கிடையாது. எத்தனை அட்டை மாத்திரை சாப்பிட்டாலும் வேர்க் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் கிருமியை அது எட்டாது. சுற்றியுள்ள வீக்கம் கொஞ்சம் வடியும், உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், உள்ளே எல்லாம் அப்படியே கிடக்கும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் நாங்களே ஆண்டிபயாடிக் எழுதுவோம். அதுவும் சிகிச்சையோடு சேர்த்துத்தான், சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

சரி, அந்த அம்மாவுக்கு வருவோம். கொப்புளத்துக்கு நேர் கீழே இருந்த கடைவாய்ப் பல்லைக் காட்டி, "இதைப் பிடுங்கிவிடுங்கள்" என்றார். கொப்புளத்தில் சீழ் வெளியேறும் துளைக்குள், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் ரப்பர் போன்ற மெல்லிய கட்டா பெர்ச்சா குச்சி ஒன்றை மெதுவாக நுழைத்துப் படம் எடுத்தேன். படத்தில் அந்த வெள்ளைக் கோடு வளைந்து போய் நின்றது முன்னால் இருந்த பல்லின் வேர் நுனியில்! பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அவர் காட்டிய பல்லில் குளிர் வைத்தவுடன் கையைத் தூக்கினார். அதற்கு முன்னால் இருந்த அந்தப் பல்லில் வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. சொன்னபடி பிடுங்கியிருந்தால் நல்ல பல் போயிருக்கும், கொப்புளம் அங்கேயே இருந்திருக்கும்.

எந்தப் பல் என்று கண்டுபிடிப்பதே என்னைப் போன்ற வேர் சிகிச்சை (ரூட் கனால், அதாவது வேர்க் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது) நிபுணரின் வேலையில் பாதி. மீதிப் பாதி குழாய்களைத் தேடுவது. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று வேர்கள். ஆனால் பலருக்கு அதில் ஒரு வேருக்குள் நான்காவதாக ஒரு குழாய் ஒளிந்திருக்கும். அது விட்டுப்போனால் சிகிச்சை முடிந்த பல்லிலும் மறுபடி சீழ் பிடிக்கலாம். அதற்காகத்தான் மைக்ரோஸ்கோப், தேவைப்பட்டால் முப்பரிமாண ஸ்கேன். எல்லா ரூட் கனாலுக்கும் நிபுணர் வேண்டுமா என்றால், வேண்டாம். பொதுப் பல் மருத்துவர்களே நன்றாகச் செய்கிறார்கள். சுண்ணாம்பு படிந்து அடைத்த குழாய், கடுமையாக வளைந்த வேர், ஏற்கெனவே செய்து பலிக்காத சிகிச்சை என்றால் எங்களிடம் அனுப்புவார்கள். அப்படி அனுப்புகிறவர் நல்ல மருத்துவர்.

சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைப் போட்டால் தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். 1864-லிருந்து பல் மருத்துவத்தில் இருக்கிற பொருள் அது. எச்சில் குழாய்க்குள் போகாமலும், நாங்கள் கழுவும் மருந்தும் சின்ன ஊசிகளும் உங்கள் தொண்டைக்குள் போகாமலும் காப்பது அதுதான்.

வலி குறைந்ததும் பாதியில் காணாமல் போகாதீர்கள். தற்காலிக அடைப்பு மாதக்கணக்கில் தாங்காது. கடைவாய்ப் பல்லுக்குக் கிரவுன் (மேலே மாட்டும் உறை) போடச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்; நன்றாகச் செய்த வேர் சிகிச்சையும் பல் பிளந்துவிட்டால் வீண்தான். அப்புறம், தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் என்னைத் தேடாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது உயிர்ப் பிரச்சினை.

அந்த அம்மா இரண்டாம் முறை வந்தபோது உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் தேடினார். "காணோமே டாக்டர்!" என்றார். எலும்பு நிரம்ப இன்னும் மாதங்கள் ஆகும். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேக்கு வரச் சொன்னேன். வலி இல்லையே என்று வராமல் இருந்துவிடாதீர்கள் என்று வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பினேன்.