வீரதீரப் பதக்கம்: சொல் விளக்கம்

'மெடல் ஒஃப் வேலர்' என்பதைத் தமிழ்ச் செய்திகள் வீரப் பதக்கம், வீரதீரப் பதக்கம், துணிவுக்கான விருது என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றன. தீயணைப்போர், பொலிஸார், அவசர சேவையாளர் ஆகியோருக்கென்றே சட்டம் இயற்றி ஏற்படுத்திய தேசியப் பதக்கம்தான் இங்கே பொருள். அமெரிக்காவில் 2001 மே 30 இல் கையொப்பமான சட்டம் அத்தகையது.

'வேலர்' இலத்தீன் 'வலேரே' என்ற வினையிலிருந்து வந்தது. வலுவாயிருத்தல், பெறுமதியாயிருத்தல் என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்திலும் முதலில் ஆளின் பெறுமதியையே குறித்தது. போர்க்களத் துணிவு பிறகு ஏறிய பொருள். தமிழின் வல், வலிமை இரண்டும் காதுக்கு ஒத்துக் கேட்பதால் உறவு கொண்டாட வேண்டாம், அது தற்செயல்.

'பதக்கம்' கழுத்தணியின் பெயர். மட்டக்களப்பு நகைக்கடையில் கேட்டால் இன்றும் சங்கிலியில் தொங்குவதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சிங்களத்தில் 'பதக்கம' என்ற வடிவில் வழங்குகிறது: ரண விக்கிரம பதக்கம, ரண சூர பதக்கம. இரண்டும் படையினருக்கானவை. அதனால் இலங்கையின் கிழக்கில் 'வீரப் பதக்கம்' என்று மட்டும் எழுதினால் வாசகர் மனதில் இராணுவமே வரும். கிணற்றில் விழுந்தவரைத் தூக்கிய தீயணைப்பு ஊழியர் வரமாட்டார்.

'வீரதீரம்' வடமொழி இணைச்சொல். வீர என்பது பாய்ந்து செய்வது. தீர என்பது கலங்காமல் நிற்பது. கரையைக் குறிக்கும் 'தீரம்' வேறு சொல். மீட்புப் பணிக்குக் கலங்காமல் நிற்கும் அந்த இரண்டாம் பாதிதான் உயிர். தனித்தமிழில் தேடுவோருக்குத் 'தறுகண்' இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றைச் சொல்கிறது. பொருளில் மிகச் சரி. ஆனால் இன்று செய்தித் தலைப்பில் போட்டால் பாதிப்பேர் அகராதி தேடுவார்கள். அரசு தரும் சிறப்புக்கே ஒரு பழஞ்சொல் உண்டு: மாராயம். 'மாராயம் பெற்ற நெடுமொழி' படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையின் துறைகளில் ஒன்று. அரசனிடம் சிறப்புப் பெற்ற வீரனைப் பற்றியது. விழா மலருக்கு அழகான சொல், சட்ட வரைவுக்கு உதவாது.

தமிழ்நாட்டு அரசு 'வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம்' என்று எழுதுகிறது. இந்தியாவின் 'ஜீவன் ரக்ஷா பதக்' 1961 இல் தொடங்கியது. சொல்லுக்குச் சொல் உயிர்காப்புப் பதக்கம். இரண்டையும் சேர்த்து 'உயிர்காப்பு வீரதீரப் பதக்கம்' என்று எழுதுவதே நம் பரிந்துரை. சற்று நீளம்தான். ஆனால் படைப் பதக்கத்தோடு குழம்பாது.

பெயரைவிட அதிகம் வழுக்குவது சட்டத்தின் உள்ளே இருக்கும் தொடர்கள். அமெரிக்கச் சட்டம் கேட்பது கடமைக்கு மேற்பட்ட அசாதாரணத் துணிவு. இதைக் 'கடமையின் அழைப்பிற்கும் அப்பால்' என்று பெயர்ப்பது தமிழாகாது. 'கடமைக்கு மிஞ்சிய' என்றால் போதும். மூச்சுக்கருவி பூட்டி, குழாயோடு எரியும் கடைக்குள் நுழைவது தீயணைப்பு ஊழியரின் கடமை. கூரை சரியத் தொடங்கிய பிறகு, உள்ளே ஆள் இருப்பது தெரிந்து மறுபடி நுழைந்தால் அது மிஞ்சியது. இந்தியப் பதக்கமோ வேறு வழியில் போகிறது: பொலிஸ், தீயணைப்பு, படை ஆகியவற்றைச் சேர்ந்தோர் கடமையில் இல்லாதபோது செய்த செயலுக்கே அதைப் பெறலாம். ஆகவே 'கடமைக்கு மிஞ்சிய', 'கடமைக்கு வெளியே' என்ற இரண்டையும் மாற்றி எழுதினால் தகுதியே தலைகீழாகிவிடும்.

'பப்ளிக் சேஃப்டி' என்பதிலும் சிக்கல். பொதுமக்கள் பாதுகாப்பு என்று எழுதினால் இலங்கை வாசகருக்கு 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அவசரகால விதிகளும் நினைவுக்கு வரும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்த நினைவு இலேசானதல்ல. சுருக்கப் பெயர் தேடாமல் 'தீயணைப்பு, பொலிஸ், அவசர சேவை உத்தியோகத்தர்' என்று விரித்து எழுதுங்கள். அமெரிக்கச் சட்டம் சம்பளம் பெறாத தொண்டரையும் உள்ளடக்குகிறது; சிறைச்சாலை, நீதிமன்றக் காவல் உத்தியோகத்தரும் அடக்கம். இவர்கள் சேரவேண்டிய 'பொது நிறுவனம்' என்பதை 'அரச திணைக்களம்' என்று பெயர்த்துவிடக் கூடாது. இங்கே தீயணைப்புப் பிரிவு மாநகர சபையின் கீழ் இருக்கிறது. 1990 என்ற அழைப்பு எண்ணால் அறியப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மன்றம். திணைக்களம் என்று எழுதிய வரைவில் தீயணைப்போரும் அம்புலன்ஸ் ஊழியரும் விடுபட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் பதக்கம் பெறுவோரைத் தெரிவு செய்வது 11 பேர் கொண்ட மீளாய்வுச் சபை. காங்கிரஸின் இரு அவைகளின் இரு கட்சித் தலைமைகளும் தலா 2 பேராக 8 பேரையும், ஜனாதிபதி 3 பேரையும் நியமிக்கின்றனர். ஆண்டுக்கு 5 பேருக்கு மேல் தெரிவு செய்ய முடியாது; அசாதாரண நிலையில் சபை அந்த எண்ணைக் கூட்டலாம். ஒருவரையும் தெரிவு செய்யாமலும் விடலாம். 'ஆண்டுதோறும் ஐவருக்கு வழங்கப்படும்' என்று வரும் செய்தி ஆகவே பிழை.

பரிந்துரைக் குறிப்பைத் தமிழில் எழுதுவோர் வழக்கமாகச் சறுக்குவது பெயரடைகளில். 'தன்னுயிரையும் துச்சமென மதித்து' என்ற வரி எதையும் நிறுவாது. மாரியில் மட்டக்களப்பின் கிரான் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கியிருக்கும்போது நடந்த மீட்பு என்று வைத்துக்கொள்வோம். நேரம், நீர் எந்த மட்டம், நீரோட்டம் எப்பக்கம் இழுத்தது, வள்ளமும் உயிர்காப்பு அங்கியும் கயிறும் இருந்தனவா, மேலதிகாரி என்ன பணித்தார், எத்தனை பேர் கரை சேர்ந்தனர், கண்டவர் யார் என்பவை வேண்டும். அங்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் போடாமல் இறங்கியிருந்தால் அது துணிவாக அல்ல, விதிமீறலாகவே படிக்கப்படும். மறைத்து எழுதினால் சாட்சி வாக்குமூலத்தில் வெளிவரும்.

வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு முதலில் போன மீனவருக்கு இந்த வகைச் சட்டத்தில் இடமில்லை. அவர் எந்தப் பொது நிறுவனத்தையும் சேர்ந்தவரல்லர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்முனையிலும் கல்லடியிலும் முதலில் கைகொடுத்தோர் பெரும்பாலும் இத்தகைய அயலவரே. அவர்களைப் பற்றி எழுதும்போது பார்க்க வேண்டியது இலங்கைத் தேசிய விருதுகளில் வீரச் செயலுக்கென உள்ள வீர சூடாமணி, வீர பிரதாப என்ற இரண்டையும். இவை பட்டங்கள், 'பட்டம் வழங்கினார்' என்று எழுதுங்கள்.