வெளிநாட்டுத் துணை மலேசியாவுக்கு வர: வருகைப் பாஸ் முதல் நீண்டகாலப் பாஸ் வரை

நம் பிள்ளைகள் மனதுக்குப் பிடித்தவரைக் கண்டுபிடிப்பது இப்போது தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மணிலாவிலும் லண்டனிலும்தான் என்று ஆகிவிட்டது. படிக்கப் போன இடத்தில், வேலைக்குப் போன இடத்தில், சில சமயம் சொந்தத்திலேயே பார்த்து நிச்சயம் செய்த இடத்தில். அப்புறம் வீட்டில் வரும் முதல் கேள்வி: “இங்கே வந்து ஒரு மாதம் இருந்துட்டுப் போக என்ன பாஸ் போடணும்?”

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலேசியக் குடிமகனின் காதலர், காதலி, நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை, பெண் என்ற உறவுக்கென்று தனிப் பாஸ் எதுவும் நம் நாட்டில் இல்லை. சட்டப்படி பதிவான திருமணம் நடக்கும்வரை அவர் எல்லாரையும் போல ஒரு சுற்றுப்பயணிதான். அவருக்குக் கிடைப்பது சமூக வருகைப் பாஸ், மலாயில் பாஸ் லாவாத்தான் சோசியல். இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டமிட்டால் பாதிச் சிக்கல் வராமலே போகும்.

விசா தேவையா இல்லையா என்பதை அவர் கையில் இருக்கும் கடப்பிதழ் முடிவு செய்கிறது. இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா விலக்கு உண்டு. ஒரு வருகைக்கு 30 நாள்வரை தங்கலாம். இந்த விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்னாம், தாய்லாந்து என்று ஆசியான் நாட்டுக்காரர்களுக்கும் விசா வேண்டாம், 30 நாள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் என்றால் 90 நாள். இலங்கை, நேப்பாளம், வங்காளதேசம், பாகிஸ்தான் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விமானம் ஏறும் முன்பே விசா எடுக்க வேண்டும். அதற்கு இணையம் வழியாக எடுக்கும் இ-விசா இருக்கிறது. ஒரு முறை நுழைய அனுமதிக்கும், கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், நுழைந்த பின் 30 நாள்வரை தங்கலாம். கடப்பிதழ்ப் பக்கத்தின் நகல், புகைப்படம், போக வர டிக்கெட், தங்குமிட விவரம் எல்லாம் பதிவேற்றச் சொல்வார்கள். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் ஏஜெண்டு தளங்கள் நிறைய உலாவுகின்றன.

விசா கிடைத்துவிட்டால் உள்ளே வந்தது மாதிரிதான் என்று நினைத்துவிடக் கூடாது. விசா என்பது நுழைவாயில்வரை வர அனுமதி. உள்ளே விடுவதா, எத்தனை நாள் கொடுப்பதா என்பது கோலாலம்பூரின் கேஎல்ஐஏவிலோ பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலோ கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கையில் இருக்கிறது. அவர் கொடுப்பதுதான் பாஸ். தன்னைப் பராமரித்துக்கொள்ள வழி இருக்கிறது என்று காட்ட முடியாதவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப, குடிநுழைவுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அப்படித் திருப்பி விடப்படுகிறவர்களை ‘என்டிஎல்’, அதாவது ‘நாட் டு லேண்ட்’ என்பார்கள். அடுத்த விமானம் கிடைக்கும்வரை விமான நிலையத்திலேயே வைத்திருப்பார்கள். வெளியே வரவேற்கக் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழி இருக்காது. அதனால் கவுண்டருக்குத் தயாராக வருவது ரொம்ப முக்கியம்.

தயாரிப்பு என்றால் இதுதான். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பிப் போகும் டிக்கெட் உறுதியாகப் போட்டிருக்க வேண்டும். எம்டேக் எனப்படும் மலேசிய மின்னியல் வருகை அட்டையை, வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் அது கட்டாயம், கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை என்று அங்கேயே புரிந்துகொள்ளலாம். கடப்பிதழில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் அதில் எழுத வேண்டும். நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. டிக்கெட்டில் ஒரு மாதிரி, எம்டேக்கில் ஒரு மாதிரி இருந்தால் அதைக் கேட்டே நேரம் போகும்.

இங்கே இருப்பவர் ஓர் அழைப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பது நல்லது. வழக்கறிஞர் எல்லாம் வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் போதும்: உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண், வருகிறவரின் பெயர், கடப்பிதழ் எண், வரும் தேதி, திரும்பும் தேதி, அவர் உங்களுக்கு என்ன உறவு, எங்கே தங்குகிறார், செலவு யார் பொறுப்பு. உங்கள் மைகாட் எனப்படும் அடையாள அட்டையின் நகலையும், வீட்டு முகவரி உள்ள தண்ணீர் அல்லது மின்சாரக் கட்டண ரசீதின் நகலையும் இணைத்து, அச்செடுத்து அவர் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசிக்குள் மட்டும் இருந்தால், சார்ஜ் இறங்கும் நேரம் பார்த்துத்தான் அதிகாரி கேட்பார்.

கவுண்டரில் கேட்பது சின்னச் சின்னக் கேள்விகள்தான். யாரைப் பார்க்க வந்தாய், எத்தனை நாள், எங்கே தங்குகிறாய், என்ன வேலை செய்கிறாய், கையில் எவ்வளவு பணம். ஊரை விட்டு முதல் முறை வெளியே வருகிற பெண் ஒருத்தி, தமிழ் மட்டும் சரளமாகப் பேசுகிறவள், சீருடையைப் பார்த்ததும் பதறிப்போய் “டூரிஸ்ட்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பாள். ஹோட்டல் எது என்று கேட்டால் பதில் இருக்காது, கையில் இருப்பதோ செந்தூல் வீட்டு முகவரி. அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. நிச்சயிக்கப்பட்டவரைப் பார்க்க வந்தேன், அவர் குடும்பத்தோடு மூன்று வாரம் இருப்பேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். குடும்பத்தைப் பார்க்க வருவதும் சமூக வருகைதான். வருவதற்கு முன் போனில் இரண்டு மூன்று முறை இந்தக் கேள்வி பதிலை ஆங்கிலத்தில் பேசிப் பழக்கிவிடுங்கள். அது குழந்தைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நாள் கணக்கைப் பாஸில் உள்ள தேதியை வைத்து எண்ணுங்கள், மனக்கணக்கு வேண்டாம். வந்த நாளும் ஒரு நாள்தான். வருகைப் பாஸை நீட்டிப்பது சாதாரணமாக நடக்காது. நோய், விபத்து, சொந்த நாட்டில் போர் என்பது போன்ற காரணங்களுக்கு ஆவணத்தோடு போனால் பரிசீலிப்பார்கள். இன்னும் கொஞ்ச நாள் சேர்ந்து இருக்கலாமே என்பது காரணமாக எடுபடாது. தேதி தாண்டி இருப்பது குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம். நீதிமன்றம் போனால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தோடு முடிந்தாலும், பிறகு மனைவி என்றோ கணவர் என்றோ பாஸ் கேட்கும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும்.

இதில் பலர் பிடிக்கும் குறுக்கு வழி எல்லை ஓட்டம். பினாங்கிலிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு ஒரு நடை, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நடை, திரும்பி வந்தால் இன்னொரு 30 நாள். ஒரு முறை நடந்திருக்கலாம். திரும்பத் திரும்ப அதே முகம் வந்தால், இவர் சுற்றிப் பார்க்க வரவில்லை, இங்கேயே குடியிருக்கிறார் என்று அதிகாரி முடிவு செய்ய உரிமை இருக்கிறது. துணி மூட்டையெல்லாம் பட்டர்வொர்த் வீட்டில் இருக்க, ஆள் தாய்லாந்து எல்லையில் பாடாங் பெசாரில் நிறுத்தப்பட்டால் யார் என்ன செய்வது? திருமணம் செய்யும் எண்ணம் இருப்பவர்கள் இந்த வழியில் போகவே வேண்டாம்.

வேலையும் அப்படித்தான். வருகைப் பாஸில் வந்தவர் சம்பளம் வாங்கவில்லை என்றாலும், மாமனார் உணவகத்தில் கல்லாவில் உட்காருவது, பூக்கடையில் மாலை கட்டி விற்பது எல்லாம் சோதனைக்கு வருகிறவர் கண்ணில் வேலையாகத்தான் படும். பாஸின் நிபந்தனையை மீறுவது 1963ஆம் ஆண்டு குடிநுழைவு விதிமுறைகளின் 39(பி) விதியில் அடங்கும். மருமகள் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று உறவுக்காரர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, அவளைக் கடைப்பக்கம் நிற்க வைக்காதீர்கள்.

இனி திருமணம். இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகமாகத் தடுமாறுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோவிலில் தாலி கட்டி, மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாலும், குடிநுழைவுத் துறை கேட்பது தேசியப் பதிவுத் துறை, அதாவது ஜேபிஎன் பதிவு செய்த சான்றிதழை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்களுக்கு 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த வகைத் திருமணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கோலாலம்பூரில் ஜாவி எனப்படும் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமயத் துறை, பினாங்கில் மாநில இஸ்லாமிய சமய விவகாரத் துறை என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

30 நாள் பாஸோடு வருகிறவர் இங்கே பதிவுத் திருமணம் செய்ய நினைத்தால் கணக்கைப் பாருங்கள். திருமண அறிவிப்பு கொடுக்கும் முன் அந்த வட்டாரத்தில் ஏழு நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டிய பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 28. நடுவில் பொது விடுமுறை ஒன்று வந்தால், ஒரு நகல் குறைந்தால், பெயரில் ஓர் எழுத்து பிசகினால் முடிந்தது கதை. ஆனால் அதே சட்டத்தில் வேறு வழிகளும் இருக்கின்றன. அறிவிப்பு ஆறு மாதம்வரை செல்லும் என்பதால், ஒரு வருகையில் அறிவிப்பு, அடுத்த வருகையில் திருமணம் என்று பிரித்துக்கொள்ளலாம். காத்திருப்பைத் தவிர்க்கச் சிறப்பு உரிமம் கேட்கும் ஏற்பாடும் உண்டு. இரண்டையும் டிக்கெட் போடும் முன்னாலேயே ஜேபிஎன் கவுண்டரில் பேசித் தேதி வாங்குங்கள். வருகிறவர் திருமணமாகாதவர் என்று அவருடைய நாட்டு அதிகாரிகள் கொடுக்கும் சான்றை ஊரிலிருந்தே தயார் செய்து எடுத்துவரச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அதற்கு அலைந்தால் பாஸ் காலம் அதிலேயே கரையும்.

மூன்றாவது வழி, அவர் ஊரிலேயே கல்யாணம். மதுரையில் நடந்தால் அங்கே சட்டப்படி பதிந்து, அந்தச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சின் முத்திரையும் அங்குள்ள மலேசியத் தூதரகத்தின் உறுதிப்படுத்தலும் வாங்கி, திருமணம் நடந்த ஆறு மாதத்துக்குள் மலேசியப் பதிவாளரிடம் பதிய வேண்டும். சென்னையில் நம் துணைத் தூதரகம் இருப்பது இதற்கு வசதி. ஆறு மாதம் என்பதை நாட்காட்டியில் சிவப்பாகக் குறித்து வையுங்கள். கல்யாணக் களைப்பில் நாள் ஓடுவது தெரியாது.

இன்னொன்று. துணை ஏற்கெனவே இங்கே தொழிற்சாலையிலோ உணவகத்திலோ பிஎல்கேஎஸ் எனப்படும் தற்காலிக வேலைப் பாஸில் இருந்தால், அந்தப் பாஸ் இருக்கும்போது இங்கே திருமணம் செய்ய அனுமதி இல்லை. காதல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் விதி அப்படி. வேலை ஒப்பந்தத்தை முறையாக முடித்து, ஊருக்குத் திரும்பி, அங்கிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பான வழி.

சான்றிதழ் கைக்கு வந்ததும், மலேசியரின் கணவன் அல்லது மனைவி என்ற முறையில் நீண்டகாலச் சமூக வருகைப் பாஸுக்கு விண்ணப்பிக்கலாம். கோலாலம்பூர்க்காரர்கள் ஜாலான் டூத்தா பக்கம் உள்ள கேடிஎன், அதாவது உள்துறை அமைச்சு வளாகத்துக்கும், பினாங்குக்காரர்கள் செபராங் ஜெயா அலுவலகத்துக்கும் போவது வழக்கம். கணவன் மனைவி இருவரும் நேரில் போக வேண்டும். ஐஎம்12 படிவம், திருமணச் சான்றிதழின் மூலமும் நகலும், இருவரின் அடையாள ஆவணங்கள், மலேசியரின் சம்பளச் சீட்டு, முத்திரைத் தீர்வை கட்டிய பிணைப் பத்திரம், கல்யாணப் படங்கள். படங்களில் மணமேடைப் படம் மட்டும் இல்லாமல் இரு வீட்டுப் பெற்றோரும் சேர்ந்து நிற்கும் படமும் வையுங்கள். இருவரையும் கேள்வி கேட்பார்கள். எப்போது சந்தித்தீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மாதிரி. ஆரம்பத்தில் குறுகிய காலம் கொடுத்துப் பிறகு ஐந்தாண்டு வரை புதுப்பிப்பார்கள். இந்தப் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போக விரும்பினால், குடிநுழைவுத் துறையிடம் அனுமதி பதிந்துகொண்ட பிறகே சேர வேண்டும்.

பிற்பாடு நிரந்தரவாசத் தகுதிக்கு விண்ணப்பிக்க, இந்தப் பாஸில் தொடர்ந்து சில ஆண்டு இருந்திருக்க வேண்டும். குடியுரிமையில் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருக்கிறது. மலேசிய ஆணின் வெளிநாட்டு மனைவிக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 15ஆவது விதி ஒரு வழி வைத்திருக்கிறது. மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு அந்த வழி இல்லை. இங்கே வரி கட்டும் நம் பெண்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அவர்கள் வீட்டில் கணவரின் பாஸ் புதுப்பிக்கும் தேதி ஒருபோதும் தவறக் கூடாத தேதியாகிவிடுகிறது.

அந்தப் புதுப்பித்தலில் ஒன்றைக் கவனியுங்கள். கடப்பிதழ் செல்லுபடியாகும் காலத்தைத் தாண்டிப் பாஸ் கொடுக்க மாட்டார்கள். ஒன்றரை ஆண்டுதான் மிச்சம் இருக்கும் கடப்பிதழோடு போனால், ஐந்தாண்டு கிடைக்க வேண்டியவருக்கும் அதற்குள்தான் கிடைக்கும். அவருடைய நாட்டுத் தூதரகத்தில் முதலில் கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டு, பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, பாஸ் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே கவுண்டருக்குப் போங்கள்.