பாட்டைப் புள்ளிகளாகப் பார்க்கும் மென்பொருள்

எங்கோ ஓடும் பாட்டைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் சேவை ஷஸாம். 2002-ல் பிரிட்டனில் அது தொடங்கியபோது ஆப் எதுவும் கிடையாது. 2580 என்ற எண்ணுக்கு போன் செய்து, பாட்டு ஓடும் பக்கம் போனைக் காட்ட வேண்டும். சற்று நேரத்தில் இணைப்பு தானாகத் துண்டித்துக்கொள்ளும். பாட்டின் பெயர் எஸ்எம்எஸ்ஸில் வரும். செல்போன் வழியாகப் போகும் ஒலி ஏற்கெனவே நசுங்கியது, கூடவே சுற்றுப்புறச் சத்தம் வேறு. அதிலிருந்து பாட்டைக் கண்டுபிடிக்கும் வழியை உருவாக்கியவர் ஏவரி வாங். 2003-ல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தூக்கியெறிவதுதான் அந்த முறையின் அழகு.

ராகம், வரிகள், குரல் எதையும் மென்பொருள் கவனிப்பதில்லை. மைக்கில் விழுந்த ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கணக்கிடுகிறது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண் என்று வரைந்தால் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படம் கிடைக்கும். அதில் அக்கம்பக்கத்தைவிட ஓங்கி நிற்கும் உச்சிகளை மட்டும் புள்ளிகளாக வைத்துக்கொண்டு, மீதியை அழித்துவிடும். இருண்ட வானத்தில் நட்சத்திரங்கள் போலக் கொஞ்சம் புள்ளிகள் மிஞ்சும். இரைச்சல் சில புள்ளிகளை மறைக்கும், சில போலிகளைச் சேர்க்கும். ஆனால் உச்சிகள் எல்லாவற்றையும் மூழ்கடிப்பது கஷ்டம்.

சரி, ஒற்றைப் புள்ளியை வைத்து என்ன செய்வது? 800 ஹெர்ட்ஸில் ஓர் உச்சி எத்தனையோ பாட்டுகளில் இருக்கும். அதனால் புள்ளிகளை ஜோடி சேர்க்கிறார்கள். 800 ஹெர்ட்ஸில் ஒன்று, அரை நொடி கழித்து 1,200 ஹெர்ட்ஸில் இன்னொன்று: இந்த மூன்று எண்களும் சேர்ந்து ஒரு சாவி. தரவுத்தளத்திலுள்ள ஒவ்வொரு பாட்டின் சாவிகளையும், அவை பாட்டின் எந்த நொடியில் வருகின்றன என்ற குறிப்போடு முன்பே அட்டவணை போட்டிருப்பார்கள். அகராதியில் சொல் பார்ப்பது போல நேராகத் தேடிவிடலாம்.

ஒரே சாவி பல பாட்டுகளில் வரும் என்பதால் தற்செயலான பொருத்தங்களும் நிறையக் கிடைக்கும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது. நாம் பதிவு செய்ததில் 3-வது நொடியில் வந்த சாவி, ஒரு பாட்டின் 75-வது நொடியில் இருக்கிறது. 4-வது நொடிச் சாவி 76-ல், 6-வது நொடிச் சாவி 78-ல். கழித்துப் பார்த்தால் எல்லாமே 72! தற்செயலான பொருத்தங்களில் இந்த வித்தியாசம் கண்டபடி சிதறும். ஒரே எண்ணில் ஒரு பெரும் கூட்டம் குவிந்தால் பாட்டு அதுதான், பதிவு 72-வது நொடியில் தொடங்கியிருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

நாம் முணுமுணுக்கும் மெட்டு இந்த முறையில் சிக்காது. அதற்கு மெட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் வேறு வழி வேண்டும். 2020-ல் கூகுள் கொண்டுவந்த வசதி அந்த வகை. ஷஸாம் முறை தேடுவது குறிப்பிட்ட ஒரு ஒலிப்பதிவை. அதே பாடகர் அதே பாட்டை மேடையில் மறுபடி பாடினாலும் நேர இடைவெளிகள் நூலிழை மாறி, சாவிகள் பொருந்தாமல் போகும். மேடைக் கச்சேரியில் போனை நீட்டியதும் பெயர் வந்துவிட்டால், அங்கே ஓடுவது பழைய ஒலிப்பதிவாக, பாடகர் வெறுமனே வாயசைப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம்.