80 கிலோ ஆளை அந்த லேசான ஜாக்கெட் எப்படி தாங்குது?

போட்டிங் போற இடத்துல லைஃப் ஜாக்கெட் குடுத்தா பாதி பேர் தோள்ல சும்மா மாட்டிட்டு பக்கிள் போடாம விட்டுடுவாங்க, சிலர் சீட்டு ஈரமா இருக்குன்னு அதுமேலயே உக்காந்துக்குவாங்க. நானும் ஒருதடவை உக்காந்தவன்தான், அது எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சப்புறம் அந்த பழக்கம் போச்சு.

உண்மையில அது 80 கிலோவ தாங்கவே வேணாம். நம்ம உடம்போட அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணி அளவுதான், நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து வச்சா பெரும்பாலானவங்க மிதப்பாங்க, முழுசா விட்டா மெதுவா முங்குவாங்க. தண்ணிக்குள்ள இருக்குற உடம்ப தண்ணியே தாங்கிக்கும், வெளிய நிக்க வேண்டிய தலைக்குத்தான் சப்போர்ட் வேணும், தலை மிஞ்சிப்போனா ஒரு 5 கிலோ. அதனால பெரியவங்க ஒருத்தருக்கு நாலஞ்சு கிலோ மிதப்பு கூடுதலா கிடைச்சாலே மூக்கும் வாயும் மேல நிக்கும். 1 லிட்டர் தண்ணிய ஒதுக்கினா 1 கிலோ மிதப்பு, ஸ்கூல்ல படிச்ச அதே ஆர்க்கிமிடீஸ் கணக்குதான்.

ஜாக்கெட் உள்பக்க லேபிள்ல 50, 100, 150னு நியூட்டன் போட்டிருக்கும், 10 நியூட்டன்னா சுமாரா 1 கிலோ. 50 நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, கரையோரத்துக்கு. 100 அலை இல்லாத ஏரி, காயலுக்கு. 150 கடலுக்கு, மயங்கி குப்புற விழுந்தாலும் மல்லாக்க திருப்பிப்போடற மாதிரி முன்பக்கம் மிதப்ப அதிகமா வச்சு செஞ்சது, பின்னாடியும் அதே அளவு வச்சா திரும்பாது.

உள்ள இருக்குறது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி இல்ல, ஒவ்வொரு குமிழும் தனித்தனியா மூடின ஃபோம், அதனால துணி கிழிஞ்சாலும் தண்ணி குடிக்காது. ஆனா வருஷக்கணக்கா அதுமேல ஆள் உக்காந்தா குமிழெல்லாம் நசுங்கி தடிமன் கொறையும், தடிமன் கொறைஞ்சா ஒதுக்குற தண்ணி கொறையும், மிதப்பும் போச்சு. பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், அதான் மோசம்.

அப்புறம் பக்கிள். தண்ணில விழுந்தா ஜாக்கெட் மேல வர பாக்கும், நீங்க கீழ போக பாப்பீங்க, இறுக்கி கட்டலன்னா அது கழுத்து, காது தாண்டி உருவிட்டு தனியா மிதக்கும். சரி, விழுந்தப்புறம் போட்டுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு, மிதக்குற பொருள கீழ அமுக்கி அதுக்குள்ள கைய விட்டு மாட்டணும், அதுவும் காலுக்கு பிடிமானமே இல்லாம. வீட்டுல காத்தடிச்ச டியூப வாளித் தண்ணிக்குள்ள அமுக்கி பாருங்க, புரியும்.

2009 செப்டம்பர் 30 தேக்கடில கவிழ்ந்தது ரெண்டடுக்கு படகு, 45 பேர் போயிட்டாங்க. மேல ஆள் ஏற ஏற படகோட கனம் உசரத்துக்கு போகும், அந்த நிலைமையில எல்லாரும் ஒரே பக்கம் மிருகம் பாக்க எந்திரிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க, பக்கிள் தேட அப்ப நேரம் இருக்காது.

ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் தூக்கிட்டு, கூட வந்தவங்கள ஜாக்கெட்டோட தோள்பட்டைய பிடிச்சு மேல இழுக்க சொல்லுங்க. தாடைய தாண்டி ஏறுச்சுன்னா லூசு, பெல்ட்ட இறுக்குங்க, அப்பவும் ஏறினா சைஸ் மாத்தி கேளுங்க. குழந்தைங்களுக்கு தொடைக்கு நடுவுல வர்ற பெல்ட் இருக்கான்னும் பாத்துக்கோங்க.