ஈ மேஜர் ஏன் லேசாகத் துடிக்கிறது?

“ட்யூனர் ஆறு கம்பிக்கும் சுருதி சரியென்று பச்சை காட்டுகிறது. ஆனால் ஈ மேஜர் போட்டால் ஜி கம்பி மட்டும் உறுத்துகிறது. அதைத் துளி தளர்த்தினால் கார்டு இனிக்கிறது, உடனே சி மேஜர் கெட்டுப்போகிறது. கிடாரில் கோளாறா?” என்று புதிதாக கிடார் பழகும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிடாரில் கோளாறு இல்லை. அவருக்கு நல்ல காது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சுரம், அதிலிருந்து நான்கு ஃப்ரெட் (கிடார் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டை) தள்ளி ஒன்று, ஏழு ஃப்ரெட் தள்ளி ஒன்று. மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு. நடுச்சுரத்தை ஒரு ஃப்ரெட் இறக்கினால் மைனர். கர்நாடக சங்கீதக் கணக்கில் ச, அந்தர காந்தாரம், ப என்பது மேஜர்; சாதாரண காந்தாரம் வந்தால் மைனர். ஈ மேஜரில் ஜி கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் விரலை எடுத்தாலே ஈ மைனர் ஆகிவிடும்.

சரி, இந்த மூன்று சுரங்களும் ஏன் ஒத்துப்போகின்றன? தடித்த ஈ கம்பி நொடிக்கு 82.4 முறை முழு நீளத்துக்கும் அதிர்கிறது. அதே நேரத்தில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பாகங்களாகவும் அதிர்கிறது. இப்படிப் பாகங்களாக அதிர்வதால் எழும் ஒலிகளைச் சீரிசை என்பார்கள். செய்து பாருங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே அந்தக் கம்பியை, அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி மாதிரி ஒலிப்பது மூன்றாம் சீரிசை, 247.2 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். பக்கத்தில் பி கம்பியைச் சும்மா மீட்டினால் 246.9. ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் நான்காவது ஃப்ரெட்டுக்கு நாலு மில்லிமீட்டர் முன்னால், தலைப் பக்கமாகத் தொடுங்கள். மெல்லிசாக ஒரு ஒலி வரும். அது ஐந்தாம் சீரிசை, 412 ஹெர்ட்ஸ், அதாவது ஜி ஷார்ப்! ஈ, பி, ஜி ஷார்ப் மூன்றும் அந்த ஒற்றைக் கம்பிக்குள்ளேயே இருக்கின்றன. தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்கிறதே, அதுவும் இதே ஐந்தாம் சீரிசைதான். இதை முதன்முதலில் கேட்ட ராத்திரி, வெகுநேரம் அந்த ஒரு இடத்தையே தொட்டுத் தொட்டு மீட்டிக்கொண்டிருந்தேன்.

உறுத்தலும் இங்கேதான் பிறக்கிறது. நாம் ஃப்ரெட்டில் அழுத்தும் ஜி ஷார்ப் 207.65 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாம் சீரிசை 415.3. ஈ கம்பியோ 412 என்கிறது. இரண்டும் மோதி நொடிக்கு மூன்று விம்மல்கள் எழுகின்றன, அதாவது ஒலி மூன்று முறை கூடிக் குறைகிறது. வாசகரின் காதில் துடித்தது அதுதான். சுரங்கள் உறுத்துவதற்கு இப்படிப்பட்ட விம்மல்களே காரணம் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் விளக்கிவிட்டார்.

ஃப்ரெட்டை ஏன் அங்கே வைத்தார்கள்? எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு படியும் 1.0595 மடங்கு. கலிலியோவின் தந்தை வின்சென்சோ, கிடார் மாதிரியான லூட் என்ற பழைய கருவியை வாசித்தவர். 1581இல் ஃப்ரெட்டுகளுக்கு 18:17 என்ற விகிதத்தைச் சொன்னார், கிட்டத்தட்ட இதே படிதான். அதே காலத்தில் சீனாவில் ஜூ ஸாயூ இந்தப் படியைத் துல்லியமாகவே கணக்கிட்டார். இந்த வெட்டில் பஞ்சமம் தப்பித்துக்கொள்கிறது, காந்தாரம் மட்டும் கொஞ்சம் ஏறிவிடுகிறது.

ஜி கம்பியைத் தளர்த்தினால் ஜி ஷார்ப் சரியாகும். ஆனால் சி மேஜரில் அதே கம்பியை அழுத்தாமல் மீட்டுகிறோம். அங்கே அது பஞ்சமம். துடிப்பு இப்போது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

‘ஏ சுரத்தை வழக்கமான 440க்குப் பதிலாக 432 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி சேர்த்தால் இதெல்லாம் தீரும், நோயே குணமாகும்’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எல்லாச் சுரங்களும் ஒரே விகிதத்தில் இறங்கும். அவற்றுக்குள் இருக்கும் விகிதம் அப்படியேதான் இருக்கும். நோயாளிகளிடம் இதைச் சொல்லிக் காசு வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாசகருக்கு என் யோசனை: ட்யூனர் சொன்னபடி விட்டுவிடுங்கள், ஜி கம்பியை மென்மையாக அழுத்துங்கள். இறுக்கி அழுத்தினால் சுரம் இன்னும் ஏறும். பின்னாளில், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வாங்கினால் ஈ மேஜரை அதில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். பெடல் சீரிசைகளைப் பெருக்குவதால் அந்த விம்மலும் பெரிதாகிக் கரகரக்கும். ராக் வாசிப்பவர்கள் நடுச்சுரத்தை விட்டுவிட்டு, ஈயும் பியும் மட்டும் வைத்துப் பவர் கார்டு போடுவது அதனால்தான்.