முதல் ஆறு வாரங்களில் கைவிட்டவரை மூன்றாம் பருவத்தில் தேடுகிறோம்

கடந்த வாரம், மூன்றாம் பருவம் தொடங்கிய நான்காம் நாளில், இளநிலை இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் தம் தந்தையுடன் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தார். காரணம் கேட்கும் கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தார். மாணவர் வழிகாட்டுதல் பணியின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அந்தத் தாள் என் கையொப்பத்துக்கு வந்தபோது, அவருக்குரிய மென்டர், அதாவது வழிகாட்டி ஆசிரியர், வைத்திருக்கும் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தேன். ஓராண்டில் ஆறு சந்திப்புகள் நடந்ததாக ஆறு தேதிகள் இருந்தன. ஆறுக்கும் எதிரே 'பிரச்சினை ஏதும் இல்லை' என்று ஒரே பேனாவால், ஒரே அமர்வில் எழுதப்பட்டிருந்தது. அதே மாணவிக்கு முதல் பருவத்தில் நான்கு அரியர், இரண்டாம் பருவத்தில் ஐந்து. இந்தக் கல்வியாண்டில் இப்படி என்னிடம் வந்த நான்காவது விண்ணப்பம் இது. முதல் மூன்றுக்கும் கேள்வி கேட்காமல் கையொப்பமிட்டவன் நான்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அவருடைய விவரங்களைத் திரட்டுவதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. முதல் பருவத்தின் முதல் இன்டர்னல் தேர்வில் 50-க்கு 11 மதிப்பெண். அந்தத் தாள் துறை அலுவலகத்தில் இருந்தது. முதல் மாதம் நூற்றுக்கு நூறாக இருந்த வருகை, அந்தத் தேர்வுக்குப் பிறகு சரியத் தொடங்கிப் பருவ முடிவில் 62 சதவீதத்தில் வந்து நின்றது. அது தேர்வுப் பிரிவில் இருந்தது. விடுதி மெஸ் கட்டணத்தில் இரண்டு மாதப் பாக்கி. அது விடுதிக் காப்பாளரிடம் இருந்தது. மூன்றும் மூன்று கட்டடங்களில் கிடந்தன. மூன்றையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்த்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. ஆறாவது வாரத்தில் அந்தப் பெண்ணை அழைத்து அருகில் உட்காரவைத்துப் பேசியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை, ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவருடைய தந்தையின் முன்னிலையில் நான் தெரிந்துகொண்டேன்.

பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் புதுமை என்று ஒரு கோப்பும், மாணவர் நலன் என்று இன்னொரு கோப்பும் வைத்திருக்கிறோம். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் கற்பித்தலும் மதிப்பீடும் இரண்டாம் அளவுகோல், மாணவர் ஆதரவு ஐந்தாம் அளவுகோல் என்று தனித்தனியாக இருப்பதால், இரண்டும் இரு வேறு குழுக்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. வகுப்பில் புரியாமல் போவதுதான் வருகைக் குறைவாகவும், அரியராகவும், கடைசியில் 'சொந்தக் காரணமாகவும்' மாறுகிறது என்பதை எந்த ஆசிரியருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தவறான கருத்தை மட்டும் விரிவாகப் பேசியே ஆக வேண்டும். இருபது ஆண்டுகளாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

புதுமை என்றாலே கருவி வாங்குவது என்பதுதான் அந்தக் கருத்து. கற்பித்தலில் என்ன புதுமை செய்திருக்கிறீர்கள் என்று ஒரு துறையைக் கேட்டால், எத்தனை வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறோம், எத்தனை பாடங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறோம் என்ற எண்ணிக்கைதான் பதிலாக வருகிறது. கரும்பலகையில் எழுதியதைத் திரையில் எழுதினால் கற்பித்தல் மாறிவிடாது. ஐம்பது நிமிடம் ஆசிரியர் மட்டும் பேசி, மாணவர்கள் எழுதிக்கொண்டே இருந்து, மணி அடித்ததும் எழுந்து போகும் வகுப்பு, ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் அதே வகுப்புதான். சொல்லப்போனால் சில வகுப்புகள் முன்னைவிட மோசமாகியிருக்கின்றன. சாக்பீஸால் ஒரு சமன்பாட்டை வரி வரியாக வருவித்த காலத்தில், ஆசிரியரின் கை போகும் வேகத்திலாவது மாணவரின் மனம் பின்தொடர முடிந்தது. இப்போது முழு வருவிப்பும் ஒரே சிலைடில் வந்து விழுகிறது. மாணவர் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறார். படித்துவிட்டோம் என்று நம்பிவிடுகிறார்.

மாணவர் வகுப்புக்குள் இருக்கும்போதே தம் அறிவால் ஏதாவது செய்கிறாரா, அவர் செய்தது சரியா தவறா என்று அந்த மணி நேரத்துக்குள் அவருக்கும் ஆசிரியருக்கும் தெரிகிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல முடிந்தால் அதுவே புதுமை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதைத்தான் செய்துவந்தார். சிறிது நேரம் கற்பித்து, ஒரு கருத்துக் கேள்வி கேட்டு, ஒவ்வொருவரும் தனியே விடை தேர்ந்த பிறகு, பக்கத்தில் இருப்பவருடன் வாதிட்டு மறுபடியும் விடை சொல்லச் செய்தார். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டுமே கேட்ட மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, வகுப்பில் தாமே ஈடுபட்டுக் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள்.

என் வகுப்பில் இதற்கு வேண்டியிருந்தவை, நிறத்துக்கு ஒரு விடையாக நான்கு நிற அட்டைகள் மட்டுமே. ஒரு கல்லை நேர்மேலே எறிகிறோம். உச்சிப் புள்ளியில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்பேன். ஆண்டுதோறும் முக்கால்வாசிப் பேர் சுழியம் என்ற அட்டையைத்தான் தூக்குவார்கள். உச்சியில் திசைவேகம்தான் சுழியம். முடுக்கம் அங்கேயும் கீழ்நோக்கி 9.8 என்று நான் உடனே சொல்வதில்லை. ஐந்து நிமிடம் தமிழிலேயே வாதிடுங்கள் என்று விட்டுவிடுவேன். "முடுக்கமும் இல்லையென்றால் கல் மேலேயே நின்றுவிடுமே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். இரண்டாம் முறை அட்டைகளின் நிறம் மாறிவிடும். துறைத்தலைவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்த முறையைத் தொடங்கும் இளம் ஆசிரியருக்கு முதல் பருவத்தில் மாணவர் கருத்துப் படிவ மதிப்பெண் குறையக்கூடும். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தும், நல்ல விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே எண்ணினார்கள். ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்து, பழைய முறைக்கே துரத்திவிடாதீர்கள்.

அட்டைகள் எனக்குக் காட்டித்தந்த இன்னொன்று, மொழி. நான் முதலில் 'ஆக்ஸிலரேஷன்' என்று கேட்டபோது அட்டையே தூக்காமல் இருந்தவர்கள், 'முடுக்கம்' என்றதும் தூக்கினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் முடுக்கம், உந்தம், நிலைமம் என்று படித்துத் தேறிவந்த ஒரு பிள்ளை, ஒரு கோடை விடுமுறைக்குள் இவை அத்தனைக்கும் ஆங்கிலப் பெயர் தெரியாதவராக வகுப்பில் வந்து அமர்கிறார். அவரைத் தான் 'மெதுவாகக் கற்பவர்' என்று பட்டியலிடுகிறோம். இந்தச் சொல்லைத் தர மதிப்பீட்டுப் படிவம் கேட்கிறது என்பதற்காக மாணவரின் நெற்றியில் ஒட்டுவதை நிறுத்துங்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குத் தெரியாதது இயற்பியல் அன்று. ஒவ்வொரு பாடத்துக்கும் நூற்றைம்பது கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கில ஒலிப்பிலும் இரண்டு பக்கங்களில் அச்சிட்டு முதல் நாளே கையில் கொடுப்பதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டாம். பள்ளிப் பாடத்திலிருந்து கல்லூரிப் பாடத்துக்கு மாற உதவும் பிரிட்ஜ் கோர்ஸை மாலை நான்கரை மணிக்கு வைத்துவிட்டு, அதே நேரத்தில் ஊருக்குப் புறப்படும் பேருந்தில் ஏற ஓடும் மாணவருக்கு அக்கறை இல்லை என்று எழுதாதீர்கள்.

தமிழ்நாடு வாசலை நன்றாகவே திறந்துவைத்திருக்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுமைக்கும் 28.4; தமிழ்நாட்டுக்கு 47. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-இல் சட்டமானது. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மேலே சொன்ன மாணவியும் அதைப் பெற்றுவந்தவர்தான். இவ்வளவு பாடுபட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கப்பட்ட பிள்ளைகள் உள்ளே வந்தபின் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களை ஏராளமாகக் கொண்டது. 2012 முதல் அது ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண், பாடத்தேர்வு போன்ற குறிப்புகளைக் கணினியில் தொடர்ந்து கண்காணித்து, சறுக்கல் தெரிந்ததும் ஆலோசகர் ஒருவர் மாணவரைத் தொடர்புகொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. இதைக் கேட்டவுடன் நம்மவர்கள் அந்த மென்பொருளின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அங்கே மென்பொருளோடு சேர்த்துப் புதிய ஆலோசகர்களையும் பெரும் எண்ணிக்கையில் நியமித்தார்கள். சிறிய கட்டணப் பாக்கிக்காகப் படிப்பை இழக்கும் நிலையில் இருந்த மாணவர்களுக்குக் கைகொடுக்கும் சிறு உதவித்தொகையை அதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் எழுந்து போய்ப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். நம்மிடம் அந்த மனிதர் இருக்கிறார்; இருபது மாணவர்களுக்கு ஒரு மென்டர் என்று ஆவணத்திலும் இருக்கிறார். அவர் கையில் பதிவேட்டைக் கொடுத்தோமே தவிர, பார்க்க வேண்டிய விவரத்தைக் கொடுக்கவில்லை.

ஆகவே சக ஆசிரியர்களே, ஆறாவது வார முடிவில் உங்கள் இருபது பேருக்கும் ஒரே தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: முதல் இன்டர்னல் மதிப்பெண், வருகை சதவீதம், கட்டணப் பாக்கி. மூன்றில் இரண்டு சரியில்லாத மாணவரை அந்த வாரத்திலேயே தனியே சந்தியுங்கள். வகுப்பு நடுவே பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தாதீர்கள். முதல் வேலையாக அப்பாவைக் கூட்டிவா என்று சொல்லாதீர்கள். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் தந்தையின் முன் எந்தப் பிள்ளையும் தனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லாது. 'ஏதாவது பிரச்சினையா' என்று கேட்டால் 'இல்லை சார்' என்றுதான் பதில் வரும். "இந்தத் தாளில் எந்த இடத்தில் விட்டுப்போயிற்று, காட்டும்மா" என்று விடைத்தாளை வைத்துக்கொண்டு கேளுங்கள். பத்து நிமிடத்தில் மற்றவை தாமே வரும். வாரந்தோறும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் மதிப்பெண் இல்லாத சிறு வினாக்களைக் கேளுங்கள். ரோடிகர், கார்பிக்கே இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் 56 சதவீதத்தை வைத்திருந்தார்கள். அடிக்கோடிட்டுப் படி, இன்னொரு முறை படி என்று நாம் தரும் அறிவுரையை மாற்றிக்கொள்ள இது போதும்.

மென்டர் மனநல ஆலோசகர் அல்லர். தூக்கமின்மை, அழுகை, வாழ்வை வெறுக்கும் பேச்சு இவற்றில் எது தென்பட்டாலும் நீங்களே சரிசெய்துவிடலாம் என்று முயலாதீர்கள். அந்த மாணவரைத் தனியே விட்டுவிடாமல் ஆலோசகரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. உங்கள் வளாகத்தில் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரவில் வேறு யாரும் கிடைக்காதபோது அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரியர் குவிந்துவிட்டால் படிப்பு முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் உரிய காரணத்துடன் விண்ணப்பித்து, இடத்தை இழக்காமல் ஒரு பருவமோ ஓராண்டோ படிப்பை இடைநிறுத்தி வைக்கவும், பிறகு மறுசேர்க்கை பெறவும் விதிகள் இடம் தருகின்றன. மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். எனவே விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன், படிப்பை இடைநிறுத்த வழி உண்டா என்று துறைத்தலைவரிடமும் பதிவாளர் அலுவலகத்திலும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அந்த மாணவியின் தந்தையிடம் இதை நான் சொன்னபோது, "இப்படி ஒன்று இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லையே ஐயா" என்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த மாணவி விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். இடைநிறுத்தத்துக்கான மனுவை அன்று மாலையே என் மேசையில் அமர்ந்து தமிழில் எழுதினார்.